ராயப்பன் பாகம்

எங்க ஊர்த் தூண்டில் கடையில விலை நியாயமா இருக்குமான்னு கேட்டீங்க. சரியான ஆள்கிட்டத்தான் கேட்டிருக்கீங்க சார். இந்த பஸ்ல வேற யார்கிட்டயும் கேட்டுராதீங்க. கேட்டா, "நம்பிப் போங்க சார்"னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவானுங்க. அந்த நம்பிக்கையாலதான் நான் இன்னைக்கு இந்த பஸ்ல உட்கார்ந்திருக்கேன். சிப்பித்துறை போய்ச் சேர இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும். அந்த நீளப் பையைக் கொஞ்சம் உங்க பக்கம் சாய்ச்சு வச்சுக்குங்க. எனக்கு முழங்கால் மடங்காது.

தூண்டில் கம்பு கொண்டுட்டு வர்றவர் நீங்க. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை மெட்ராஸ்ல இருந்தும் மதுரையில இருந்தும் உங்களை மாதிரி ஆளுங்க வர்றாங்க. பாலத்து மேல நின்னு வீசுவீங்க, பிடிச்ச மீனைப் போட்டோ எடுத்துட்டுத் திரும்பவும் கடல்லயே விடுவீங்க. விடுங்க, அது உங்க இஷ்டம். எரைக்கு உயிர் எறால் வேணும்னா என்கிட்டயே கிடைக்கும். ஊர்க்காரனுக்கு ஒரு விலை, வெளியூருக்கு ஒரு விலை. அது வேற. அது எறால். நான் பேச வந்தது கடையைப் பத்தி.

என் பேரு இன்னாசி. முப்பத்தாறு வருஷமா கைத்தூண்டில்தான் போடுறேன். வலைக்காரன் வேற, தூண்டில்காரன் வேற. எங்களுக்கு நரம்புதான் உயிர். நைலான் நரம்பு. அது எவ்வளவு ஆழம் போகுதுன்னு கையில தெரியணும். கடலுக்கு அடியில பாறைத் திட்டு இருக்கும், நாங்க பார்னு சொல்லுவோம். மீன் அதுலதான் கிடக்கும். ஒவ்வொரு பாருக்கும் ஆழம் எங்க வாயில இருக்கும். நாற்பது பாகம், ஐம்பது பாகம், அறுபது பாகம். பாகம்னா ரெண்டு கையையும் விரிச்சா இந்த விரல் நுனியில இருந்து அந்த விரல் நுனி வரைக்கும். இதோ, இப்படி. மன்னிக்கணும்மா, கை பட்டுருச்சு.

ஊர்ல ஒரே ஒரு தூண்டில் கடை. ராயப்பன் அண்ணன் கடை. தூண்டில் முள், ஈயக்குண்டு, நரம்பு, எல்லாம் அங்கதான். பெரிய உருளையில இருந்து நரம்பை இழுத்து, கையை விரிச்சு விரிச்சு அளந்து தருவார். பாகத்துக்கு இவ்வளவுன்னு விலை. ராயப்பன் அண்ணன் ஆறடி ஆளு. பனை மாதிரி நிப்பார். அவர் கையை விரிச்சா கடையோட ரெண்டு சுவரையும் தொட்டுடுவாரோன்னு இருக்கும். அவர் அளந்து குடுத்த நரம்புல எனக்கு ஒரு நாள் குறை வந்ததில்லை. அவர் சம்சாரம் வியாகுலத்தை அப்ப மதினின்னு கூப்பிடுவேன். இப்பக் கூப்பிடுறதில்லை.

அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி ஈரல் கெட்டு அவர் போய்ச் சேர்ந்தார். கடையை அந்தப் பொம்பளை எடுத்து நடத்துனா. நடத்தட்டும். நான் வேண்டாம்னா சொன்னேன்? முதல் ஆளாப் போய் முள் வாங்குனவன் நான். ஆனா ஒண்ணு கேட்கிறேன் சார், நீங்க படிச்சவர், நீங்களே சொல்லுங்க. அவர் ஆறடி. அவள் என் தோளுக்கு வரமாட்டா. அவர் பாகமும் பாகம், அவள் பாகமும் பாகமா? விலை மட்டும் அதே விலை. ஒரு பைசா குறைக்கலை. அஞ்சடிக்காரி ஆறடிக்காரன் விலையை வாங்குறா. இது நியாயமா?

இதை ஊர்ல ஒருத்தன் யோசிக்கலை. நான்தான் யோசிச்சேன்.

எப்படின்னு சொல்றேன். போன வருஷம் விளமீன் சீசன். நானும் என் மச்சான் கஸ்பாரும் ஒரே வள்ளம். என் வீட்டுக்காரியோட தம்பி அவன். இருபது வருஷமாச் சேர்ந்து போறோம். அவன் சுக்கான் பிடிப்பான், நான் தூண்டில் போடுவேன். அந்தப் பொம்பளைகிட்ட எழுபது பாகம் நரம்பு வாங்கி, புதுசா ஈயம் கட்டி, அறுபது பாகப் பாருக்குப் போனோம். விடுறேன், விடுறேன், உருளை தீர்ந்து போச்சு. ஈயம் தரை தட்டவே இல்லை. எழுபது பாகம் சார்! அறுபது பாகத்துல கிடக்கிற பாறையைத் தட்டலைன்னா என்ன அர்த்தம்?

கஸ்பார் சொன்னான், "நீவாடு இழுக்குது மச்சான். நரம்பு நேரா இறங்கலை, வளைஞ்சு போகுது."

"நீவாடு எனக்குத் தெரியாதாலே? நீ பொறக்கும்போது நான் நீவாடு பார்த்தவன்."

"அப்ப நரம்பைக் கூட்டிக் கட்டும்."

"எதுக்குக் கூட்டணும்? எழுபதுக்குக் காசு குடுத்திருக்கேன்ல?"

நீரோட்டம் கொஞ்சம் இருந்தது, இல்லைன்னு சொல்லலை. ஆனா பத்து பாகத்துக்கா இழுக்கும்? பக்கத்து வள்ளத்துக்காரன் ஒவ்வொண்ணும் குழந்தை கனம் விளமீனா ஏத்துறான், நான் வெறும் நரம்பைச் சுருட்டிக்கிட்டு வர்றேன். வர்ற வழி முழுக்க யோசிச்சேன். கரை தெரியும்போது எனக்கு விளங்கிருச்சு. அவள் கை!

அன்னைக்கே கடைக்குப் போய் நின்னேன். அவளுக்குத் தெரியாம அவள் அளக்கிறதைப் பார்த்தேன். வேற ஒருத்தனுக்கு இருபது பாகம் அளக்கிறா. "ஒண்ணு… ரெண்டு… மூணு…"னு நல்லா சத்தமாத்தான் எண்ணுறா. அஞ்சு வந்ததும் கொஞ்சம் நிறுத்துவா, மூச்சு வாங்குற மாதிரி. அப்புறம் ஆறு, ஏழு. பத்து வந்ததும் திரும்ப நிறுத்துவா. அந்தக் கைதான் எவ்வளவு சின்னக் கை!

ஊர் முழுக்கச் சொன்னேன். சொல்லாம என்ன செய்வேன்? மீன் ஏலம் விடுற இடத்துல சொன்னேன், டீக்கடையில சொன்னேன், சவரக் கடையில சொன்னேன். நாலு பேர் தலையாட்டுனானுங்க. ஆமாம்ல, அவ குட்டையாத்தான இருக்கான்னானுங்க. கஸ்பார் மட்டும், "மச்சான், வேண்டாம். அவுக வளைவு நிமிர்ந்துபோன முள்ளைக் கொண்டுபோனாக்கூட புது முள் தர்றவுக"ன்னான். தருவா. தராம? அது வியாபாரத் தந்திரம். முள்ளுல குடுத்து நரம்புல எடுப்பா.

நான் ஊர்க் கமிட்டியில பிராது குடுத்தேன். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு கோயில் மைதானத்துல எல்லாரும் இருக்கும்போது கூப்பிட்டாங்க. கமிட்டித் தலைவர் பெர்க்மான்ஸ் பெரியவர், நடுவுல நாற்காலி. படகு கட்டுற ஆசாரிகிட்ட இருந்து நூறடி டேப்பு நான்தான் வாங்கிட்டு வந்தேன். முன்கூட்டியே யோசிச்சு வாங்கிட்டு வந்தேன். இதெல்லாம் எவனுக்குத் தோணும்?

அவள் உருளையைத் தூக்கிட்டு வந்தா. யாரும் ஒத்தாசைக்குப் போகலை. கஸ்பார் போனான்.

பெரியவர் சொன்னார், "ஐம்பது பாகம் அளம்மா. எப்பவும் அளக்கிற மாதிரி அள."

அளந்தா. எல்லாரும் கூடவே எண்ணுனாங்க. பூசையில செபம் சொல்ற மாதிரி ஊரே எண்ணுச்சு. அஞ்சுக்கு அஞ்சு அதே மாதிரி மூச்சு வாங்குனா. ஐம்பதுல வெட்டுனா. கஸ்பார் அந்த நரம்பைச் சுருளாக் கையில வச்சுக்கிட்டான்.

இப்ப நான் முன்னால போனேன். "கையை விரிச்சுக் காட்டு"ன்னேன்.

அவள் பெரியவரைப் பார்த்தா. பெரியவர் கீழ பார்த்தார். அவள் ரெண்டு கையையும் விரிச்சு நின்னா. நான் டேப்பை இந்த நுனியில இருந்து அந்த நுனி வரைக்கும் பிடிச்சேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி படிச்சேன். "அஞ்சடி! கேட்டுக்குங்க! அஞ்சடி!" அண்ணன் ஆறடின்னு ஊருக்கே தெரியும். ஐம்பது பாகத்துக்கு ஐம்பது அடி களவு! நாலு வருஷமா எத்தனை ஐம்பது! நான் கணக்குச் சொல்லச் சொல்ல எல்லாரும் வாயைப் பிளந்துட்டாங்க. எனக்குக் குரல் நல்லாத்தான் இருக்கும், கூட்டத்துல பேசினா எடுபடும்.

அதுக்குள்ள கஸ்பார் கத்துறான், "கையை இறக்குங்க மதினி. இறக்குங்கன்னு சொல்லுதேம்ல!"

அவள் அப்படியே விரிச்சுக்கிட்டு நின்னிருக்கா. நான் பேசி முடிக்கிற வரைக்கும். இறக்குன்னு நான் சொல்லலை, மறந்துட்டேன். அவ்வளவு பெரிய விஷயம் பேசும்போது இதெல்லாம் நெனைப்பு இருக்குமா? அதை இன்னைக்கு வரைக்கும் குத்தமாச் சொல்றானுங்க. அவளுக்கா இறக்கத் தெரியாது?

அப்புறம் நரம்பை அளந்தாங்க. அது ஒரு சம்பிரதாயத்துக்குத்தான். இருநூற்று ஐம்பது அடி வரும்னு நான் சொல்லிட்டேனே. மைதானத்துல ஒரு முனையில இருந்து இன்னொரு முனைக்கு இழுத்துக் கட்டி, டேப்பை நூறு நூறாப் போட்டாங்க. நூறு. இருநூறு. இருநூற்று ஐம்பதும் வந்துச்சு. கஸ்பார் கையில இன்னும் சுருள் இருக்கு.

"ஏம்வே இன்னாசி, மிச்சம் எங்கயிருந்து வந்துச்சு?" எவனோ கேட்டான். ரெண்டு பேர் சிரிச்சானுங்க.

முந்நூறு அடி சார். ஒரு சாண் கூட இருந்தது.

ஆறடிப் பாகம் ஐம்பதுன்னா முந்நூறு. சரியா ராயப்பன் அண்ணன் அளவு. டேப்புல கோளாறுன்னு ஆசாரிகிட்டச் சண்டை போட்டேன். அவன் வேற டேப்பு கொண்டு வந்தான். அதுலயும் முந்நூறு.

பெரியவர் கேட்டார், "எப்படிம்மா இது?"

அவள் சொன்னா. அண்ணன் ஆஸ்பத்திரியில கிடக்கும்போது ஒரு நாள் அவளைப் பக்கத்துல நிறுத்தி, கையோட கை வச்சு அளந்து பார்த்தாராம். "என் கையில அஞ்சு பாகம்னா உன் கையில ஆறு. கடையை நீதான் பார்க்கணும். அஞ்சுக்கு ஒண்ணு கூட இழு. வாயைத் திறக்காம இழு. வெளிய சொல்லாத. சொன்னா, அவனவன் வந்து உன் கையை அளப்பான்"னாராம்.

மூச்சு வாங்குறான்னு நெனைச்சேனே, அப்பதான் அந்தக் கூடுதல் இழுப்பு. எண்ணாத இழுப்பு. எல்லாரும் அவள் வாயைத்தான் எண்ணியிருக்கோம். கையை எவனும் எண்ணலை. நான் மட்டுமா எண்ணலை? ஊரே கூடச் சேர்ந்து எண்ணுச்சே, அது தப்பில்லையா?

எனக்கு அங்கதான் சார் கோபம். நாலு வருஷமா எங்களை மடையனாக்கி இருக்கா. "இன்னாசி, இப்படித்தான் அளக்கிறேன்"னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமா இல்லையா? சொல்லியிருந்தா நான் ஏன் டேப்பு வாங்கப் போறேன்? கூடக் குடுக்கிறவ ஒளிச்சு ஒளிச்சா குடுப்பா? எந்த ஊர் வியாபாரம் இது?

பெரியவர் எழுந்து கும்பிட்டார். "மன்னிச்சுரும்மா. பழைய மாதிரியே அளந்து குடு"ன்னார்.

அவள் சொன்னா, "வேண்டாம் மாமா. இத்தனை பேரும் ஒரு தடவை எண்ணிட்டீங்க. இனி எண்ணாம இருக்க மாட்டீங்க."

மறுநாள் கடைப் பலகையில இரும்பு அளவுகோல் அடிச்சாச்சு. மீட்டர். பாகத்துக்கு என்ன விலையோ அதை மீட்டருக்குச் சரியாப் பிரிச்சு எழுதி மாட்டிட்டா. ஒரு பைசா அவள் பக்கம் சாயலை. அதுல எவனும் குறை சொல்ல முடியாது. நானே பேனா வச்சுப் போட்டுப் பார்த்தேன்.

ஆனா கடல் மீட்டர்லயா இருக்கு? "அறுபது பாகம் குடுங்க மதினி"ன்னு போறவன்கிட்ட, "எத்தனை மீட்டர்?"னு கேட்பா. அவன் முழிப்பான். ஒருத்தன் நூறு மீட்டர் போதும்னு வாங்கிட்டுப் போய் அறுபது பாகத்துல தொங்கவிட்டு, பத்து மீட்டர் குறைஞ்சு பார் தட்டாம வந்தான். வந்தவன் நேரா என் வீட்டு வாசல்ல நின்னு கத்துறான். "உம்மாலதாம்வே! உம்ம டேப்பு நல்லாயிருக்கா?" கிழவன் குமரன் எல்லாரும் இப்ப என்னை மீட்டருன்னு கூப்பிடுறானுங்க. "மீட்டரு வர்றாரு, வழி விடுங்கடே." இருபத்திரண்டு வயசுப் பயல் சொல்றான் சார்.

வீட்டுல நிம்மதி உண்டா? கமிட்டி கூடுன அன்னைக்குச் சாயந்தரம் என் சம்சாரம் துணி எடுத்துக்கிட்டே கேட்குறா, "இந்தக் கொடியில கட்டியிருக்கிற நரம்பு எதுல வெட்டினது?" கேள்வியைப் பாருங்க! அந்த எழுபது பாகம் வாங்கின வாரம் அவள் நச்சரிச்சான்னு ரெண்டு கொடி கட்டிக் குடுத்தேன். அது வேற நரம்பு. பழைய நரம்பு. வேறயாத்தான் இருக்கணும். அதை அவிழ்த்து அளந்து பார்ப்போமான்னு கேட்டா. ஈரத்துணி கிடக்குற கொடியை எவனாவது அவிழ்ப்பானா?

கஸ்பார் கடலுக்கு வரலை. மறுநாள் போய்க் கூப்பிட்டேன். வாசல்லயே நிறுத்திப் பேசுறான், என் மச்சான்.

"மதினி கையால அளந்த நரம்போட வாரும். அன்னைக்கு வள்ளத்தைத் தள்ளுவோம்."

"அவதான் இப்ப மீட்டர்ல குடுக்குறாளே?"

"அதான் சொல்லுதேன். போய் ஒரு வார்த்தை பேசும். அவுக மனசு இறங்கிக் கையை விரிச்சா நரம்போட வாரும்."

"நான் எதுக்குடா பேசணும்? களவுன்னு நெனைச்சேன், கேட்டேன். கேட்கிறது குத்தமா?"

"கேட்டது குத்தமில்ல. நிக்க வச்சீரே."

கதவைச் சாத்திட்டான். எட்டு மாசம் ஆகுது. வள்ளம் மணல்ல கிடக்கு. ஓரத்துல வெயில் பட்டு விரிசல் விட ஆரம்பிச்சிருக்கு. தனியாத் தள்ளுற வயசா எனக்கு? ஒரு சீசன் போச்சு. அடுத்த சீசன் இன்னும் மூணு வாரத்துல. வேற எவனும் என்கூட வரமாட்டான். எறால் வித்தும் கரையில நின்னு தூண்டில் போட்டும் பிழைக்கிறேன், முப்பத்தாறு வருஷம் பார் பார்த்தவன்.

அவள் என்னைத் திட்டியிருந்தாத் தேவலை. ஒரு தடவை, "ஏம்வே இன்னாசி, உமக்கு நான் என்ன செஞ்சேன்?"னு தெருவுல வச்சு நாலு வார்த்தை கேட்டிருந்தா நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். முடிஞ்சிருக்கும். ஒண்ணும் கேட்கமாட்டேங்கிறா. கோயில்ல பார்த்தா, எப்பவும் பார்க்கிற மாதிரி பார்க்கிறா. அது என்ன பார்வை? அதுதான் சார் எனக்கு ஆத்திரம். கடைக்கு வராதேன்னுகூடச் சொல்லலை. நான்தான் போறதில்லை.

அதான் டவுனுக்குப் போய் வாங்குறேன். இதோ பையில. பெரிய கடை, ஏசி போட்டிருக்கு. உருளை விலை ஊர்க் கடையை விடக் குறைச்சல். போக வர பஸ் காசைச் சேர்த்தாக் கூடத்தான் வரும். அதை ஏன் சேர்க்கணும்? அது நரம்புக்கான காசில்லை. முள் பத்து வாங்கினா ரெண்டு நிமிர்ந்துடுது. திருப்பிக் கொண்டுபோனா, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால இருக்கிற பையன், "பில் இருக்கா?"ங்கிறான். உருளையில நூறு மீட்டர்னு அச்சடிச்சிருக்கு. அளந்து பார்த்தேனாவா? பார்த்தேன். வீட்டுல கதவைச் சாத்திக்கிட்டு என் கையால அளந்து பார்த்தேன். அதை விடுங்க. அதைப் பேச வேண்டாம்.

உப்பளம் தெரியுது பாருங்க, வெள்ளையா. இன்னும் பத்து நிமிஷம். கடை பஸ் ஸ்டாப்புக்கு நேர் எதிர்ல. நீலக் கதவு. நான் அங்க இறங்குறதில்லை. அடுத்த ஸ்டாப்புல இறங்கி நடந்து திரும்பி வருவேன். ஒன்றரைக் கிலோமீட்டர்தான். முழங்கால்தான் கொஞ்சம்.

சார், ஒண்ணு கேட்கட்டுமா? நீங்க எப்படியும் அங்க நரம்பு வாங்கத்தான் போறீங்க. எனக்கும் எழுபது பாகம் வாங்குங்க. இந்தாங்க, காசு. மீட்டர்னு சொல்லாதீங்க. பாகம்னே கேளுங்க. நீங்க வெளியூரு. உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. தெரியாத ஆள் வந்து பாகம்னு கேட்டா ஒருவேளை கையை விரிச்சாலும் விரிப்பாங்க. கையால அளந்தா எட்டு மாதிரி மடிச்சுச் சுருட்டுவாங்க. அந்தச் சுருளைப் பார்த்தாலே கையால அளந்ததுன்னு கஸ்பாருக்குத் தெரிஞ்சிரும். அதுதான் வேணும். யாருக்குன்னு கேட்டா என் பேரைச் சொல்லிராதீங்க. நான் அப்புறமா வந்து பாலத்துல உங்ககிட்ட வாங்கிக்கிறேன். அதுக்குப் பதிலா உங்களுக்கு எறால் ஊர் விலைக்கே தர்றேன்.

இல்லை, பேசுறதெல்லாம் முடியாது. அதைக் கேட்காதீங்க. நான் போய் நின்னா முதல்ல என்ன சொல்றது?

எழுந்திருங்க, ஸ்டாப்பு வந்துருச்சு. பையை நான் பிடிக்கிறேன், நீங்க இறங்குங்க. ஒண்ணு மட்டும் செய்ங்க சார். அவுக எண்ணும்போது வாயைப் பார்க்காதீங்க, கையைப் பாருங்க. அஞ்சு ஆனதும் சத்தமில்லாம ஒண்ணு இழுக்கிறாங்களான்னு பார்த்துச் சொல்லுங்க. இழுத்தாங்கன்னா கண்டும் காணாம இருங்க. எண்ணிராதீங்க.

அப்புறம், மதினிகிட்ட பேரம் பேசாதீங்க.